மலையில் இருந்துகொண்டு பல்லுக்குக் கம்பி போடுவது: முதல் பரிசோதனையிலிருந்து ரிடெய்னர் வரை

குன்னூரில் ஒரு பல் கிளினிக்கில் 12 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். என் மகளுக்கும் 22 மாதம் கம்பி இருந்தது. டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததையும், ஒரு அம்மாவாக பஸ் பிடித்து அலைந்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கதவைத் திறந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், கம்பி நல்லதா, அலைனர் நல்லதா?" என்பதுதான். (அலைனர் என்பது கழற்றி மாட்டும் ஒளிபுகும் தட்டு.) அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. என்ன கோணல், எந்த வயது, யார் பார்க்கப் போகிறார்கள், வாய் தயாராக இருக்கிறதா என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் எந்தக் கருவி என்று பேச முடியும். வரிசையை மாற்றியவர்கள் பாதியில் கழற்றி, திரும்பவும் ஆரம்பித்ததை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த வரிசையிலேயே படியுங்கள்.

1. என்ன கோணல் என்று முதலில் பாருங்கள்

பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். "பல்லைக் காட்டு" என்று சொன்னால் பிள்ளைகள் கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் காட்டும். அது உண்மையான கடி கிடையாது. நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் வைத்தபடியே கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். இப்போது உதட்டை விலக்கி முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படத்தில் இவற்றில் ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்: மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகப் போய்க் கடிப்பது, கீழ் முன்பற்கள் மேல் அண்ணத்தில் குத்துவது, கடைவாய் சேர்ந்தும் முன்பற்கள் சேராமல் திறந்தே இருப்பது, மேல்பற்கள் உதட்டை மூட விடாத அளவுக்கு எத்தியிருப்பது. இவை அழகைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. எத்துப்பல் உள்ள பிள்ளை கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். அண்ணத்தில் குத்தும் கடி, காலப்போக்கில் ஈறைப் புண்ணாக்கும். பிரஷ் நுழையாத அளவுக்கு நெருக்கியடித்து நிற்கும் பற்களில் சொத்தையும் ஈறு நோயும் சீக்கிரம் வரும்.

லேசான இடைவெளி, சற்றே திரும்பிய ஒரு பல், சுத்தம் செய்ய முடிகிற தெத்துப்பல் ஆகியவை உங்கள் விருப்பம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டாலும் தப்பில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 8, 9 வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் விலகி நிற்கும். பெற்றோர் பதறி ஓடி வருவார்கள். மேல் கோரைப்பல் 11, 12 வயதில் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். காத்திருக்கலாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். வீட்டில் ரப்பர் பேண்ட் மாட்டி இழுக்கவே கூடாது. அந்த ரப்பர் ஈறுக்குள் ஏறி, வேரோடு நழுவிப் போய், நல்ல பல்லையே விழவைத்துவிடும்.

2. வயதுக்குத் தகுந்த வேலை

7 வயதில் ஒரு முறை காட்டிவிடுங்கள். கம்பி போட அல்ல, கணக்குப் பார்க்க. 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். அது முளைக்க எந்தப் பல்லும் விழ வேண்டியதில்லை என்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தையோடு விட்டுவிடுகிறார்கள். பால்பல்லே சொத்தையாகி சீக்கிரம் விழுந்துவிட்டால், பின்னால் இருப்பது முன்னே சாய்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைக் காக்கச் சின்ன கம்பி வளையம் ஒன்று உண்டு. அதைச் சரியான நேரத்தில் போட்டால் பின்னால் பெரிய வேலை குறையும்.

விரல் சூப்பும் பழக்கத்தையும், வாயால் மூச்சு விடுவதையும் இந்த வயதில் கவனியுங்கள். நம் குளிரில் பிள்ளைக்கு மூக்கடைப்பு என்பது சாதாரணம்தானே என்று விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் இரவில் வாயைத் திறந்தே தூங்கினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் அப்படியே இருக்க, பல்லை மட்டும் திருத்தினால் அது திரும்பவும் நகரும்.

கீழ்த்தாடை பின்தங்கி இருக்கும் பிள்ளைகளுக்கு, வேகமாக வளரும் பருவத்தில் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவி பயன்படும். அந்த வளர்ச்சிதான் டாக்டருக்குக் கிடைக்கும் உதவி. பெண்பிள்ளைகளுக்கு அது ஆண்பிள்ளைகளைவிட முன்னாலேயே வந்து போய்விடும். "பெரிய மனுஷி ஆகட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்து, அந்தக் காலத்தைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

முழுக் கம்பி பெரும்பாலும் 11லிருந்து 14 வயதுக்குள் ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு வயது தடையே இல்லை. எலும்பும் ஈறும் பலமாக இருந்தால் 45 வயதிலும் போடலாம். தாடையே அதிகமாக முன்னே அல்லது பின்னே இருந்தால் மட்டும், வளர்ச்சி நின்ற பிறகு கம்பியோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

3. யார் பார்க்கப் போகிறார்கள், எத்தனை முறை போக வேண்டும்

பல் டாக்டர் எல்லோரும் பி.டி.எஸ். படித்தவர்கள். பற்களை நகர்த்துவதற்கென்றே அதற்குமேல் 3 வருடம் எம்.டி.எஸ். படித்தவர் பல் சீரமைப்பு நிபுணர், ஆர்த்தோடான்டிஸ்ட். "எம்.டி.எஸ். எதில், டாக்டர்?" என்று கேளுங்கள். வேர்சிகிச்சைக்கும் எம்.டி.எஸ். உண்டு, ஈறுக்கும் உண்டு. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மலையில் பல கிளினிக்குகளுக்கு இந்த நிபுணர் கீழே இருந்து மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று விஷயங்களை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தில் எந்த நாள் வருவார்? இடையில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள்? அவர் வருவது நின்றால் சிகிச்சையை யார் முடிப்பார்கள்?

கோயம்புத்தூரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள், கட்டணம் குறையும். ஆனால் ஒரு வருகைக்கே அரை நாள் போய்விடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மட்டுமே சுமார் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. கூடலூர்க்காரர்கள் ஊட்டிக்கு வரவே 50 கிலோமீட்டர். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு வத்தலக்குண்டு இறங்கி மதுரையோ திண்டுக்கல்லோ என்ற கணக்கு.

இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் போடுங்கள். கம்பிக்கு 4லிருந்து 6 வாரத்துக்கு ஒரு வருகை. சராசரி ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம். ஆக ஏறக்குறைய 20 வருகை. ஒவ்வொரு வருகைக்கும் பஸ் காசு, உடன் வருகிறவரின் ஒரு நாள் கூலி, பிள்ளைக்கு ஒரு நாள் லீவு. தோட்டத்தில் இலை பறிக்கும் ஒரு அம்மா இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் உள்ளூரிலேயே போட முடிவு செய்தார். அவர் மகள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சொன்ன காலத்தில் கம்பி கழன்றது.

4. கம்பிக்கு முன் வாயைத் தயார் செய்வது

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டினால் கண்டிப்பாக வருத்தப்படுவீர்கள்.

முதலில் சொத்தை அடைப்பு, பிறகு பல் சுத்தம், ஈறில் ரத்தம் நிற்கும்வரை சரியான பிரஷ் பழக்கம். காரணம் இதுதான். பல் நகர்வது என்றால், அழுத்தம் படும் பக்கம் எலும்பு கரைந்து, இழுபடும் பக்கம் புது எலும்பு வளர்வது. ஈறு நோய் இருக்கும்போது அழுத்தினால் எலும்பு கரைவது மட்டும் நடக்கும், திரும்ப வளராது. பல் ஆட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது பதிவுகள். முழு வாய்க்கும் ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டில் தலையோடு எடுக்கும் செபலோகிராம் எக்ஸ்ரே, முகத்துக்கும் பல்லுக்கும் போட்டோ, பல் அச்சு. எல்லாக் கிளினிக்கிலும் செபலோகிராம் மெஷின் இருக்காது, வெளியே அனுப்புவார்கள். "எக்ஸ்ரே எதுவும் வேண்டாம், அடுத்த வாரமே கம்பி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எலும்புக்குள் மாட்டிக்கொண்ட கோரைப்பல், பிறவியிலேயே இல்லாத பல், குட்டையான வேர் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. அச்சு எடுக்கும்போது பிள்ளைக்குக் குமட்டினால் தலையைக் கொஞ்சம் முன்னே குனியவைத்து, மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் மாவு இறுகிவிடும்.

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் சிலருக்கு ஈறை வீங்கவைக்கும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் பல் நகர்வதையே தடுக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், கம்பியில் நிக்கல் இருக்கிறது.

அப்புறம், பல் எடுப்பது. நெரிசல் அதிகமாக இருந்தாலோ, பற்கள் மிகவும் எத்தியிருந்தாலோ கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வார்கள். மேலே 2, கீழே 2 என்பது வழக்கம். 8 பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் 10 பேர் இருந்தால் யாரையும் நேராக உட்காரவைக்க முடியாது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஏன் தேவை என்பதை உங்கள் எக்ஸ்ரேயை வைத்தே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று பாட்டிமார் தடுப்பது இன்றும் நடக்கிறது. மேல்பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுத்ததால் பார்வை போகாது. பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினால் அவரே சம்மதிப்பார். என் மாமியார் அப்படித்தான் சம்மதித்தார்.

5. இப்போது கருவியைத் தேர்ந்தெடுங்கள்

உலோகக் கம்பி: எந்த மாதிரிக் கோணலுக்கும் வேலை செய்யும், விலை குறைவு, எளிதில் உடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

செராமிக் கம்பி: பல் நிறத்தில் இருக்கும், விலை அதிகம், பட்டை (கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னத் துண்டு, பிராக்கெட்) கொஞ்சம் பெரியது, விழுந்தால் உடையும். அதைக் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையங்களில் மஞ்சளும் டீயும் கறையாக ஏறும். நாளைக்கு ஐந்து டீ குடிக்கும் நம் ஊரில் இரண்டாவது வாரமே மஞ்சளாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால் ஏமாந்தவர்கள் பலர்.

அலைனர்: கழற்றி மாட்டும் ஒளிபுகும் தட்டு. ஒரு நாளில் 20லிருந்து 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். தண்ணீர் தவிர எது சாப்பிட்டாலும் குடித்தாலும் கழற்ற வேண்டும், வாய் கொப்பளித்து மாட்ட வேண்டும். வருகைகள் குறைவு, சில தட்டுகளை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். தூரத்தில் இருந்து வருகிற, ஒழுங்காக மாட்டுவேன் என்று தன்மேல் நம்பிக்கை உள்ள பெரியவர்களுக்கு இது உண்மையிலேயே வசதி. கழற்றிக் கழற்றி வைக்கும் 12 வயதுப் பிள்ளைக்கு வீண் செலவு. பற்கள் அதிகமாகத் திரும்பியிருந்தாலும், பல் எடுத்த இடத்தை மூட வேண்டியிருந்தாலும் கம்பி போல எளிதாக இது செய்யாது. பல்லை நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் தபாலில் அனுப்பும் தட்டு எதையும் வாங்காதீர்கள்.

பல்லுக்கு உள்பக்கம் ஒட்டும் கம்பியும் உண்டு. வெளியே தெரியாது, விலை மிக அதிகம், நாக்கு பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

மூன்று விஷயங்களை வைத்து முடிவு செய்யுங்கள்: கோணல் எவ்வளவு, எத்தனை முறை வர முடியும், தினமும் பார்த்துக்கொள்ளப் போவது யார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எது போட்டார்கள் என்பது இதில் சேராது.

6. பணத்தை எழுத்தில் வாங்குங்கள்

மொத்தத் தொகை, முன்பணம், மாதத் தவணை மூன்றும் ஒரு தாளில் இருக்கட்டும். எக்ஸ்ரே, பல் எடுப்பது, கழன்ற பட்டையைத் திரும்ப ஒட்டுவது, கடைசியில் ரிடெய்னர் (நேரான பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் கருவி) ஆகிய நான்கும் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். ரிடெய்னரைத்தான் கேட்க மறக்கிறார்கள். பிறகு கையில் காசில்லாமல் அதை விட்டுவிடுகிறார்கள்.

7. போடும் நாளும் முதல் வாரமும்

கம்பிக்குச் சில நாள் முன்பு கடைவாய்ப் பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையம் நுழைக்கலாம். அங்கே உலோக வளையம் மாட்ட இடம் வேண்டும் என்பதற்காக. உண்மையில் பலருக்குக் கம்பியைவிட இதுதான் அதிகம் வலிக்கும். வளையம் கழன்று விழுந்தால் போன் செய்யுங்கள்.

ஒட்டும் வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வலிக்காது. வலி அன்று இரவிலிருந்து ஆரம்பித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஐந்தாம் நாளுக்குள் அடங்கும். எனவே பரீட்சை வாரத்தில் போடாதீர்கள். சீசன் நேரமும் வேண்டாம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நேரத்துக்கு வர முடியாமல் தவிப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

முதல் வாரம் குழைந்த சாதம், களி, இட்லி, ரசம். கம்பி கன்னத்தில் குத்தும் இடத்தை உலர்த்தி, ஆர்த்தோ மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அதன்மேல் அழுத்துங்கள். மெழுகு ஈரத்தில் ஒட்டாது. துடைக்காமல் வைத்துவிட்டு "மெழுகு வேலை செய்யவில்லை" என்பார்கள். புண்ணுக்கு இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம்.

ஆரம்பத்தில் போடும் நிக்கல் டைட்டேனியம் கம்பிகளில் சில, சூடு பட்டால் இறுகும் தன்மை உள்ளவை. சுடச்சுட டீ குடித்ததும் பல் "விண்ணென்று" இழுப்பது அதனால்தான். பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஆறவைத்துக் குடியுங்கள்.

8. நடுவில் வரும் மாதங்கள்

பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். எடுத்த பல்லின் இடம் 7 மில்லிமீட்டர் என்றால், அதை மூடவே ஏழெட்டு மாதம். டாக்டர் மெதுவாகச் செய்கிறார் என்று கோபப்படாதீர்கள். அதிக விசை போட்டால் பல் வேகமாக நகராது, வேர்தான் தேயும்.

அதே காரணத்தால் வருகையைத் தவறவிடவும் கூடாது. இழுக்கும் ரப்பர் சங்கிலி நாலைந்து வாரத்தில் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு வாயில் கம்பி இருக்கும், வேலை நடக்காது. என் மகளுக்கு ஒரு நவம்பரில் அப்படி ஆனது. பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை மூடியது, கீழே இருந்து டாக்டர் வரவில்லை. பாதை திறந்த பிறகும் நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். மொத்தம் 11 வாரம். அதற்குள் கடைவாயில் ஒரு பட்டை கழன்று அந்தப் பல் திரும்பிவிட்டது. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் கூடுதலாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வாங்கும்போதே, மழை வந்தால் மாற்றுத் தேதி எது என்றும் கேட்டு வாங்குங்கள்.

கழன்ற பட்டை என்றதும் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் வேண்டாம் என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். நம் ஊருக்கென்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பது, ஊட்டிப் பேரிக்காயை முழுசாகக் கடிப்பது, மொறுமொறு வர்க்கி பிஸ்கட், முந்திரி போட்ட வீட்டுச் சாக்லேட். ஒரு பையன் வர்க்கியை ஒரு கடி கடித்தான். இரண்டு பட்டை கழன்று, வர்க்கித் துண்டோடு கையில் கொண்டுவந்தான். வர்க்கியை டீயில் ஊறவைத்துச் சாப்பிடலாம். கேரட்டையும் பேரிக்காயையும் மெல்லிசாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம்.

பிரஷ் செய்வது கம்பிக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, பிறகு பட்டைகளுக்கு நடுவில் சின்ன இடைப்பல் பிரஷ். ஃபுளோரைடு பேஸ்ட் கட்டாயம். சரியாகத் துலக்காதவர்களுக்குப் பட்டையைக் கழற்றும் நாளில் அதைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைத் தழும்பு தெரியும். பல் நேராகிவிட்டது, தழும்பு தங்கிவிட்டது. அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை என்னால் மறக்க முடியாது.

மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் மாட்டச் சொன்ன சின்ன ரப்பரை, டாக்டர் சொன்ன நேரம் முழுவதும் மாட்ட வேண்டும். பகலில் விட்டு இரவில் இரண்டு சேர்த்து மாட்டினால் சரியாகிவிடாது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு மெழுகு, ரப்பர், டாக்டர் எண் மூன்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வார்டனிடம் காட்டிவிடுங்கள். ஃபுட்பால், ஹாக்கி ஆடினால் கம்பி மேல் மாட்டும் பல் கவசம் கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் வாயில் கம்பி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

9. கழற்றிய பிறகு

பல் நேரானதும் சுற்றியுள்ள நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதனால் கம்பி கழன்ற அன்றே, தாமதமானாலும் சில நாளுக்குள், ரிடெய்னர் வாய்க்கு வர வேண்டும். முதல் சில மாதம் முழு நேரம், பிறகு டாக்டர் சொல்கிறபடி இரவில், வருடக்கணக்கில். கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டியிருந்தால், அது கழன்றதா என்று வாரம் ஒரு முறை நாக்கால் தடவிப் பாருங்கள்.

மலையில் ரிடெய்னர் கெடுவதற்கு முதல் காரணம் வெந்நீர். காலையில் கை விறைக்கும் குளிரில், முகம் கழுவ வைத்த சுடுதண்ணீரிலேயே அதையும் கழுவுவார்கள். பிளாஸ்டிக் தட்டு நெளிந்துவிடும், பார்த்தால் தெரியாது, மாட்டினால் பிடிக்காது. குழாய்த் தண்ணீர் போதும். இரண்டாவது காரணம், ஓட்டலில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்து, அதை மேஜை துடைப்பவர் எடுத்துப் போவது. கழற்றினால் டப்பாவுக்குள் போக வேண்டும்.

ஒருநாள் மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றே போன் செய்யுங்கள். கம்பி கழன்ற நாளில் எடுத்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாடலைக் கேட்டு வாங்கி, மூடி உள்ள பெட்டியில் ஈரம் படாமல் வையுங்கள். நம் மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் பூசணம் பிடிக்கும். பல் நகராமல் இருந்தால் அந்த மாடலை வைத்தே புது ரிடெய்னர் செய்துவிடலாம்.